எலும்பின் அடர்த்தியும் வலிமையும்: அறிக்கை சொல்வதும் சொல்லாததும்

எலும்பு அடர்த்திப் பரிசோதனையின் அறிக்கையைக் கையில் வாங்கியவுடன் எல்லோரும் தேடுவது ஓர் எண்ணைத்தான். அந்த எண் குறைந்திருந்தால் எலும்பு எப்போது முறியுமோ என்ற அச்சம் பற்றிக்கொள்கிறது. நல்ல நிலையில் இருந்தால், இனிக் கவலையில்லை என்ற நிம்மதி பிறக்கிறது. அச்சம், நிம்மதி இரண்டுமே சில வேளைகளில் அளவு கடந்துவிடுகின்றன. அந்த எண் எதை அளக்கிறது, எதை அளப்பதில்லை என்பதை நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிந்திருப்பது நல்லது என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

எலும்பு எதனால் ஆனது?

எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தாதுப்பொருள். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து உருவான நுண்படிகங்கள் அவை. எஞ்சியதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத இழைகளும் நீரும் ஆகும். தாது எலும்புக்குக் கடினத்தைத் தருகிறது. கொலாஜன் சிறிதளவு வளைந்துகொடுக்கும் தன்மையைத் தருகிறது. கட்டடத் தூணுக்குச் சிமென்ட்டுக் கலவையும் வேண்டும், உள்ளே கம்பியும் வேண்டும் என்பதைப் போன்றதுதான் இது.

எலும்பு ஓயாமல் புதுப்பிக்கப்படும் உயிருள்ள திசுவும்கூட. பழைய எலும்பை ஒருவகை உயிரணுக்கள் அரித்தெடுக்க, அவ்விடத்தில் வேறொருவகை உயிரணுக்கள் புதிய எலும்பைக் கட்டுகின்றன. வயது ஏறும்போதும், குறிப்பாகப் பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின்னும், கட்டுவதைவிட அரிப்பது மிகுந்துவிடுகிறது. எலும்புப்புரை நோய் தொடங்குவது இங்கேதான்.

எப்படி அளக்கிறார்கள்?

1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேமரூன், சோரன்சன் ஆகிய இருவரும், கதிரியக்க அயோடினிலிருந்து வரும் கதிர்களைக் கை எலும்பினூடே செலுத்தி அதிலுள்ள தாதுவின் அளவைக் கணக்கிடும் முறையை வெளியிட்டனர். 1980-களின் இறுதியில் பயன்பாட்டுக்கு வந்த ‘டெக்ஸா’ கருவி அதன் வழிவந்ததே. இது இருவேறு ஆற்றல் கொண்ட எக்ஸ் கதிர்களைப் பயன்படுத்துகிறது. எலும்பும் தசையும் அவ்விரு கதிர்களையும் வெவ்வேறு அளவில் தடுப்பதால், தசையின் பங்கை நீக்கிவிட்டு எலும்புத் தாதுவை மட்டும் கணக்கிட முடிகிறது.

பெரும்பாலும் கீழ்முதுகு முள்ளெலும்புகளிலும் இடுப்பிலும் அளவெடுக்கப்படும். நோயாளி சில நிமிடங்கள் அசையாமல் படுத்திருந்தால் போதும், ஊசியில்லை, வலியில்லை. கதிர்வீச்சின் அளவும் மிகக் குறைவு. கிடைக்கும் விடை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் தாது என்பதாகும். இளமையில் உள்ள ஆரோக்கியமானவர்களின் சராசரியோடு அதை ஒப்பிட்டுச் சொல்வதே ‘டி-ஸ்கோர்’. உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வெளியிட்ட வரையறைப்படி, −1 அல்லது அதற்கு மேல் இருந்தால் இயல்பு நிலை, −1-க்கும் −2.5-க்கும் இடையில் இருந்தால் அடர்த்திக் குறைவு, −2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை.

எண் கூடினால் வலிமை கூடுமா?

அடர்த்தி குறையக் குறைய எலும்பு முறியும் ஆபத்து ஏறுகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதிப்பட்ட உண்மை. ஆனால் தாது மிகுந்துவிட்டால் மட்டும் எலும்பு வலுப்பெற்றுவிடாது. இதற்கு ஃபுளூரைடு நல்ல சான்று. 1990-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எலும்புப்புரை கொண்ட பெண்களுக்கு நான்கு ஆண்டுகள் ஃபுளூரைடு கொடுத்தபோது முதுகெலும்பின் அடர்த்தி 35 விழுக்காடு உயர்ந்தது. ஆயினும் முதுகெலும்பு முறிவுகள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. பிற எலும்புகளின் முறிவுகளோ அதிகரித்தன. குடிநீரில் ஃபுளூரைடு மிகுந்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்களுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. ஃபுளூரைடு நோயால் தாக்குண்ட எலும்பு எக்ஸ்-ரே படத்தில் அடர்ந்து வெளுத்துத் தெரியும். ஆனால் அதன் தரம் கெட்டிருக்கும்.

நீரிழிவு நோயாளிகளிடமும் இத்தகைய முரணைக் காண்கிறோம். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களின் அடர்த்தி இயல்பாகவே தோன்றும். ஆனால் முறியும் ஆபத்து அந்த எண் காட்டுவதைவிட அதிகம். நெடுங்காலம் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்பவர்களுக்கும் அப்படியே. முதியவர்களின் முதுகில் தேய்மானத்தால் வளர்ந்த எலும்பு முளைகளும், நசுங்கிய முள்ளெலும்பும் எண்ணைப் பொய்யாக உயர்த்திக் காட்டுவதுண்டு.

எனவே நாங்கள் எண்ணோடு நின்றுவிடுவதில்லை. நின்ற நிலையிலிருந்து விழுந்ததில் மணிக்கட்டோ இடுப்போ முறிந்ததா, உயரம் குறைந்து முதுகு கூனியிருக்கிறதா, பெற்றோருக்கு இடுப்பெலும்பு முறிந்ததுண்டா, புகைப்பழக்கம் உண்டா என்றெல்லாம் கேட்கிறோம். சிறு விழுகையில் இடுப்போ முள்ளெலும்போ முறிந்திருந்தால், டி-ஸ்கோர் −2.5-ஐ எட்டாவிட்டாலும் சிகிச்சை தேவைப்படும். ‘வயதானால் இப்படித்தான்’ என்று அந்த முறிவை மறந்துவிடாதீர்கள்; மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நினைவில் கொள்ள வேண்டியவை

பரிசோதனை நாளன்று கால்சியம் மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். அண்மையில் பேரியம் குடித்தோ, சாயமருந்து செலுத்தியோ வேறு பரிசோதனை செய்திருந்தாலும், கருவுற்றிருக்க வாய்ப்பிருந்தாலும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மறுபரிசோதனையைக் கூடியவரை அதே கருவியில் செய்துகொள்ளுங்கள். கருவி மாறினால் எண்ணும் மாறக்கூடும். பழைய அறிக்கையையும் தவறாமல் கொண்டுவாருங்கள்.

மருந்து தொடங்கிய பிறகு எண் பெரிதாக உயரவில்லையே என்று மனம் தளர்ந்து, நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். அடர்த்தி சிறிதளவே உயர்ந்தாலும் முறிவின் ஆபத்து கணிசமாகக் குறையக்கூடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடப்படும் டெனோசுமாப் ஊசியின் தவணை மட்டும் ஒருபோதும் தவறக்கூடாது. அதை மாற்று மருந்தின்றி நிறுத்தினால் முள்ளெலும்புகள் அடுத்தடுத்து முறியும் அபாயம் உண்டு.

குடும்பத்தினருக்கும் இதில் பங்குண்டு. கேழ்வரகு, பால், தயிர், கீரை, பருப்பு ஆகியவை அன்றாட உணவில் இடம்பெறட்டும். முதியவரை நாள்தோறும் நடக்க ஊக்குவியுங்கள். குளியலறைத் தரையை ஈரமின்றி வைத்து, சுவரில் கைப்பிடி பொருத்துங்கள். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவில் ஒரு விளக்கு எரியட்டும். எலும்பு எவ்வளவு மெலிந்திருந்தாலும், ஒரு விழுகையைத் தடுத்தால் அதனால் வரவிருந்த முறிவையும் தடுத்தவர்களாவோம்.