செயற்கைக் கால் கட்டிலுக்குக் கீழே கிடப்பது ஏன்?

2009 இல் முள்ளிவாய்க்காலில் செல் விழுந்து என் மாமி வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். பிறகு செயற்கைக் கால் கிடைத்தது. ஆனால் பல வருடங்களாக அது கட்டிலுக்குக் கீழேதான் கிடந்தது. “குடுத்ததைப் போடாதது உங்கட பிழை” என்று கிளினிக்கில் ஏச்சும் வாங்கினார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

காலில் வந்த புண் ஆறாமல் வேறொரு வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனபோதுதான் காரணம் விளங்கியது.

துண்டித்த பின் மிஞ்சும் கால் ஒரே அளவில் இருப்பதில்லை. முதல் மாதங்களில் வீக்கம் வற்றி, தசை மெலிந்து சுருங்கும். பிறகும் உடல் எடையோடு சேர்ந்து மாறும். அது பொருந்தும் கிண்ணம் போன்ற பகுதியை அதற்கேற்ப மாற்றாவிட்டால் உராய்ந்து புண் வரும். செயற்கைக் கால் ஒருமுறை வாங்கியதோடு முடிகிற பொருள் அல்ல.

இன்னொன்று, முழங்கால். நோவுக்குத் தலையணை வைத்து மடித்தபடியே கிடந்தால் மூட்டு இறுகிவிடும். பிறகு நேராக நின்று நடப்பது கஷ்டம். முழங்காலை நீட்டி வைப்பது, குப்புறப் படுப்பது, இடுப்பையும் தொடையையும் பலப்படுத்துவது என்று இயன்மருத்துவம் தொடங்குவது அதனால்தான்.

அங்கிருந்த இயன்மருத்துவர் காலைப் பார்க்க முதலே கேட்டார்: “என்ன செய்ய ஏலாமல் இருக்கிறது உங்களுக்குப் பெரிய கவலை, அம்மா?”

“கிணத்தடியில நானே அள்ளிக் குளிக்க வேணும். ஒவ்வொரு நாளும் மகளைப் பாத்துக்கொண்டு இருக்க ஏலாது.”

அந்தப் பதிலில் இருந்துதான் பயிற்சி தொடங்கியது. மணலில் நடப்பது, ஒற்றைக் காலில் சமநிலை, வீட்டில் கிணத்தடிக்கு ஒரு பிடிகம்பி, குளிக்க ஒரு கதிரை.

‘புனர்வாழ்வு’ என்றால் எங்களுக்குத் தடுப்பு முகாம்தான் ஞாபகம் வரும். மருத்துவத்தில் அதன் அர்த்தம் இதுதான்: நோயாளி வாழ விரும்பும் வாழ்க்கையைக் கேட்டு, அதற்கேற்ப உடலைத் தயார்செய்வது. இலங்கை 2016 இல் உறுதிப்படுத்திய மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தின் 26 ஆவது உறுப்புரையும் தனிநபரின் தேவையை மதிப்பிட்டு, கிராமங்கள் உட்பட அவர்கள் வாழும் இடத்துக்கு இயன்றளவு அருகில் இந்தச் சேவையைக் கொடுக்கச் சொல்கிறது. ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் மாறிப் போகிறவர்களுக்கு அந்த வரி இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியது உண்டு. இரவில் கழற்றியதும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, சிறு கண்ணாடியால் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சிவப்பு மறையாவிட்டால், கொப்புளம் வந்தால், காலைப் போடாமல் கொண்டுபோய்க் காட்டுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு நோவே தெரியாமல் புண் பெருகலாம்.

மாமி இப்போது தானே குளிக்கிறார். அடுத்த கிளினிக்கில் உங்களிடம் ஒருவரும் கேட்காவிட்டாலும், உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்களே முதலில் சொல்லுங்கள்.