மைக்ரான் கணக்கும் கழிவறைக் கதவும்

கோவையில் கணபதியிலோ சிங்காநல்லூரிலோ ஒரு லேத் பட்டறைக்குள் போய் அளவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பம்பு ஷாஃப்ட் எத்தனை மைக்ரான் கூடலாம், எத்தனை குறையலாம் என்று ஃபோர்மேன் தூக்கத்திலும் சொல்லுவார். அதே பட்டறையின் கழிவறைக் கதவு எவ்வளவு அகலம் என்று கேட்டால், "அதெதுக்குங்க உங்களுக்கு?" என்பார். சக்கர நாற்காலி சிரமமில்லாமல் நுழைய 900 மில்லிமீட்டர் வேண்டும். பல பட்டறைகளில் ஆள் நுழையவே தோளைச் சாய்க்க வேண்டியிருக்கிறது.

கோவைக் கல்லூரிகளில் பிளேஸ்மென்ட் காலம் வந்தால் மாற்றுத்திறனாளி மாணவர்களைப் பற்றியும் பேச்சு வரும். பயிற்சி, தன்னம்பிக்கை, ஆங்கிலம் என்று மேடையில் இருப்பவர்கள் அடுக்குவார்கள். மாணவர்களைத் தனியே உட்காரவைத்துக் கேட்டால் பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் கழிவறைக்குத்தான் வருகிறது.

எலக்ட்ரானிக்ஸ் இறுதியாண்டு படிக்கும் ஒரு பெண். தசைத் தளர்ச்சியால் சக்கர நாற்காலியில் இருப்பவர். ஒரு மோட்டார் கம்பெனியில் இன்டர்ன்ஷிப் முடித்திருக்கிறார். பேனல் ஒயரிங்கில் கை சுத்தம் என்று சூப்பர்வைசரே பாராட்டியிருக்கிறார். "காலையில காப்பி குடிக்கறதில்லீங்க. தண்ணி பாட்டில் கொண்டுபோவேன், மூடியைத் தொறக்க மாட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் எல்லாம்." அந்தக் கம்பெனி அவரை வேலைக்கே கூப்பிட்டது. அவர் போகவில்லை. கல்லூரிப் பதிவேட்டில் 'விருப்பமில்லை' என்று ஒற்றைச் சொல் ஏறியது. இப்படி எத்தனை 'விருப்பமில்லை'கள் ஒரு படிக்கட்டிலோ ஒரு கதவிலோ பிறந்தவை என்று எந்தக் கணக்கிலும் இல்லை.

இது சங்கடம், கூச்சம் என்பதோடு நிற்பதுமில்லை. பைக் விபத்தில் தண்டுவடம் அடிபட்டவர்கள் பலர் சிறுநீர் வெளியேற்றக் குழாய் பயன்படுத்துகிறார்கள். அதற்குச் சுத்தமான இடமும் கை கழுவத் தண்ணீரும் எட்டும் தூரத்தில் வேண்டும். இல்லாவிட்டால் தொற்று வரும், அது சிறுநீரகம் வரை போகும். நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது சாமர்த்தியமல்ல, மெல்ல மெல்ல வரும் நோய்.

முதலாளிகளோடு பேசும்போது ஒரு பழைய மனிதர் அடிக்கடி வருகிறார். "நம்ம வைண்டிங் செக்ஷன்ல கால் வராதவர் ஒருத்தர் இருந்தாருங்க. அத்தனை வருஷத்துல ஒரு வசதியும் கேட்டதில்ல." போலியோ தாக்கிய அந்தத் தலைமுறை காலிப்பர் மாட்டியும், ஊன்றுகோல் பிடித்தும், சுவரைப் பிடித்தும் படியேறியது. வாய் திறந்து கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம் வேறு. இந்தியாவில் கடைசி போலியோ பாதிப்பு பதிவானது 2011 ஜனவரியில். இப்போது கல்லூரியை முடித்து வருபவர்கள் வேறு மாதிரி: முதுகுத்தண்டு பாதிப்பு, தசைச் சிதைவு, பெருமூளை வாதம், ஆட்டிசம், எழுத்தும் எண்ணும் குழம்பும் கற்றல் குறைபாடு. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாடுகளின் பட்டியல் 2016 சட்டத்தில் இருபத்தொன்று ஆகிவிட்டது. பட்டறையின் நினைப்பில் இன்னும் அந்த வைண்டிங்காரர் ஒருவர்தான் இருக்கிறார். அவரால் முடிந்ததே, இவர்களால் ஏன் முடியாது என்ற கேள்வியும் அங்கிருந்துதான் வருகிறது.

கல்லூரிக்கும் கம்பெனிக்கும் நடுவில் இன்னொரு பள்ளமும் உண்டு. எழுதச் சிரமப்படும் மாணவருக்குத் தேர்வில் மணிக்கு இருபது நிமிடம் கூடுதலாக உண்டு. மூன்று மணி நேரத் தேர்வுக்கு நான்கு மணி நேரம். அதே மாணவர் கம்பெனியின் ஆன்லைன் ஆப்டிடியூட் தேர்வில் உட்கார்ந்தால் அறுபதாவது நிமிடத்தில் திரை மூடிக்கொள்கிறது. நான்கு வருடம் கிடைத்த உரிமை நேர்காணலின் வாசலிலேயே தீர்ந்துபோகிறது.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் காது கேளாதவர்களைப் பற்றி எல்லோரும் நல்லதையே சொல்வார்கள். "வெட்டிப் பேச்சு இல்லீங்க, குனிஞ்ச தல நிமிராது." பாராட்டுதான். ஆனால் தீ விபத்து மணி அடித்தால் அவருக்கு யார் சொல்வது? மணியோடு பளிச்சிடும் விளக்கு ஒன்றை மாட்டுவது பெரிய செலவில்லை. அதை யோசிக்காமலே அவரைப் பவர் டேபிளில் உட்காரவைத்து, பெருமையும் பட்டுக்கொள்கிறோம்.

சட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரசு வேலையில் 4 சதவீதம் உண்டு. தனியாருக்குக் கட்டாய ஒதுக்கீடு கிடையாது. ஊழியர்களில் 5 சதவீதம் பேரையாவது மாற்றுத்திறனாளிகளாக எடுத்தால் ஊக்கத்தொகை தரலாம் என்பதோடு சரி. எல்லா நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும்; ஆனால் இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குத்தான் அது விரிவாக இருக்க வேண்டும். ஜாப் ஒர்க் எடுக்கும் சின்னப் பட்டறைகளில் தலையை எண்ணினால் இருபது தேறுவதே கஷ்டம். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் வசதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு டெல்லியிலிருந்து கிளம்பிவிட்டது, குறிச்சி தொழிற்பேட்டைக்கு எப்போது வந்து சேரும் என்பதுதான் தெரியவில்லை.

பட்டறைக்காரர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு: வாடகை ஷெட், இழுத்தடிக்கும் பில், ஏறிக்கொண்டே போகும் கரண்ட் கட்டணம். "அடுத்தவன் செவுத்த நான் எங்கீங்க இடிக்கறது?" என்று ஒருவர் கேட்டார். சரிதான். ஆனால் இதே வசனத்தை ஏற்கெனவே கேட்டிருக்கிறோம். டிப்ளமா முடித்த பெண் பிள்ளைகளை மெஷின் ஷாப்பில் எடுக்கச் சொன்னபோது வந்த முதல் சாக்கும் தனிக் கழிவறை இல்லை என்பதுதான். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக அடைப்புள்ள கழிவறை வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டம் 1948-லேயே சொல்லியாகிவிட்டது. அத்தனை வருடப் பழைய சட்டத்தை மதிக்காததையே சாக்காகச் சொன்னவர்கள் நாம்.

இடிக்கத்தான் வேண்டுமா என்றால், எல்லா இடத்திலும் வேண்டியதில்லை. உள்பக்கம் திறக்கும் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுவது ஒரு தச்சருக்கு அரைநாள் வேலை. வெஸ்டர்ன் கோப்பை, பக்கத்தில் ஒரு கைப்பிடிக் கம்பி, ஒரு படி இருக்கும் இடத்தில் ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவில் சாய்தளம். அரை அடி உயரப் படிக்கு ஆறு அடி நீளம் போதும். கம்பியை வளைத்து வெல்டு வைக்க வெளியூர் ஆள் தேட வேண்டிய ஊரா இது? தனித்தனியாக முடியாத பட்டறைகள் தொழிற்பேட்டையில் வரிசைக்கு ஒரு பொதுக் கழிவறையாவது சேர்ந்து கட்டலாம். யோசனை சொல்ல ஆளில்லை என்றும் சொல்ல முடியாது. மேட்டுப்பாளையம் சாலையில் பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வளாகத்தில் மாற்றுத்திறன் மேலாண்மைக்கும் சிறப்புக் கல்விக்கும் தனிப் புலமே இயங்குகிறது.

மில் வேனின் உயரமான படி, டவுன் பஸ், திறந்து கிடக்கும் சாக்கடை என்று வழி நெடுகச் சொல்லலாம். அதற்கு இன்னொரு கட்டுரை வேண்டும். பஸ்ஸில் யாராவது கைகொடுத்துத் தூக்கிவிடுகிறார்கள். கழிவறைக்குள் யாரும் கைகொடுக்க முடியாது.

பிளேஸ்மென்ட் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். கம்பெனிகள் அனுப்பும் படிவத்தில் சம்பளம், ஷிப்ட், பாண்ட் எல்லாம் இருக்கிறது. இந்த வருடம் இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள்: கழிவறையின் ஒரு போட்டோ, கதவின் அகலம் எழுதி. அனுப்பத் தயங்கும் கம்பெனியின் பெயரைப் பட்டியலில் கீழே தள்ளுங்கள்.