மழையில் நடந்த இரங்கற் கூட்டம்

தென்னாப்பிரிக்காவின் தந்தை எனப் போற்றப்பெற்ற நெல்சன் மண்டேலா, தமது தொண்ணூற்றைந்தாம் வயதில், 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் காலமானார். பத்து நாள்கள் அரசாங்க முறைப்படி துக்கம் அனுஷ்டிக்கப்பட்டது. இடையே, 10-ஆம் தேதியன்று, ஜோகன்னஸ்பர்க் நகரில் ஸொவெட்டோவை அடுத்துள்ள பெரிய கால்பந்து மைதானத்தில் பொதுமக்களும் அயல்நாட்டு விருந்தினரும் கூடிய நினைவுக் கூட்டம் நடைபெற்றது. இருபத்தேழு ஆண்டுச் சிறைவாசம் முடிந்து 1990-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மண்டேலா வெளிவந்தபோது, இலட்சத்துக்கும் அதிகமான மக்களைச் சந்தித்துப் பேசியது இதே இடத்தில்தான். 2010-இல் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்தன்று, குளிருக்குக் கம்பளித் தொப்பி அணிந்து, கையசைத்துச் சென்றதும் இங்கேதான். பொதுமக்கள் அவரை நேரிற் கண்ட கடைசித் தருணம் அது.

நினைவுக் கூட்டத்தன்று விடியற்காலை முதலே மழை பெய்தது. போக்குவரத்தும் சீராக இல்லை. ஆகையால் மைதானத்தில் பல இருக்கைகள் காலியாகவே கிடந்தன. ஆயினும் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாட்டுத் தலைவர்கள் வந்திருந்தனர். நம் நாட்டின் சார்பில் அந்நாளைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி சென்று உரை நிகழ்த்தினார்.

மாணவர்களே, அந்தக் கூட்டத்தைப் பற்றி மறுநாள் உலகம் என்ன பேசிக்கொண்டது தெரியுமா? மண்டேலாவைப் பற்றிப் பேசியவர்கள் உண்டு. ஆனால் அதனினும் உரத்த குரலில் பேசப்பட்டவை வேறு. நாட்டின் குடியரசுத் தலைவரை மக்கள் கூச்சலிட்டு அவமதித்தது, அமெரிக்கத் தலைவர் கியூபத் தலைவரின் கையைப் பற்றிக் குலுக்கியது, அதே அமெரிக்கத் தலைவர் வேறு இருவருடன் சேர்ந்து கைப்பேசியில் தன்படம் எடுத்துக்கொண்டது ஆகியவையே எங்கும் பேச்சாயின. இவற்றை ஒவ்வொன்றாகச் சற்று உற்று நோக்குவோம்.

மைதானத்தின் பெரிய திரையில் குடியரசுத் தலைவர் ஜேக்கப் ஜூமாவின் முகம் தோன்றிய போதெல்லாம் கூட்டத்தின் ஒரு பகுதியிலிருந்து ஏளனக் குரல் எழுந்தது. கால்பந்து ஆட்டத்தில் ஓர் ஆட்டக்காரரை வெளியே அனுப்பி மற்றொருவரை இறக்குமாறு காட்டும் கைச்சைகையைச் சிலர் செய்து காட்டினர். அவருக்கு முன் அப்பதவியை வகித்த தாபோ ம்பேக்கியையும், நிறவெறி ஆட்சியின் கடைசித் தலைவர் டி கிளார்க்கையும் கண்டு அதே கூட்டம் ஆரவாரித்தது. விருந்தினர் முன்னிலையில் ஒழுங்கு காக்க வேண்டுமென்று, கூட்டத்தை நடத்திய சிரில் ராமபோசா ஜூலு மொழியில் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

செத்தவர் வீட்டில் சண்டை போடலாமா என்று நம்மூரில் கேட்பார்கள். அப்படிக் கேட்டவர்கள் தென்னாப்பிரிக்காவிலும் இருந்தனர். ஆனால் அந்நாட்டு மக்களின் நினைவில் இறுதிச் சடங்குக்கு ஒரு தனி வரலாறு உண்டு. நிறவெறி அரசு அரசியற் கூட்டங்களைத் தடை செய்திருந்த நாள்களில், போராட்டத்தில் மாண்டவர்களின் சவ ஊர்வலங்களே பொதுக்கூட்டங்களாயின. 1985-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள், க்ராடாக் என்னும் ஊரில், கொலையுண்ட நான்கு தொண்டர்களை அடக்கம் செய்யப் பல்லாயிரவர் திரண்டனர். அன்றே அரசு நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்தது. சவப்பெட்டியைச் சுமந்தபடி பாடுவதும், தரையை உதைத்து ஆடுவதும், ஆட்சியாளரைப் பழிப்பதும் அக்காலத்தில் துக்கத்துக்குரிய முறையாகவே இருந்தன. அம்மரபில் வளர்ந்தவர்கள், தமது சொந்த வீட்டை அரசுப் பணத்தில் விரிவுபடுத்திக்கொண்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த ஒரு தலைவரைக் கண்டபோது வாய்மூடி இருக்கவில்லை. அது நாகரிகமான செயல் என்று நான் சொல்ல வரவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் மணியடித்து ஒழுங்கு காத்தவனுக்கு அவ்வாறு சொல்ல மனம் வராது. ஆனால் அதை அறியாமை என்று ஒதுக்கவும் இயலாது.

கை குலுக்கிய செய்திக்கு வருவோம். பராக் ஒபாமா மேடையேறும் வழியில் அங்கு நின்ற தலைவர்களுக்கெல்லாம் கை கொடுத்தார். அவர்களுள் கியூபாவின் ராவுல் காஸ்ட்ரோவும் ஒருவர். இரு நாடுகளும் 1961-இல் அரசுறவை முறித்துக்கொண்டவை. அமெரிக்கச் செனட்டர் மெக்கெய்ன், இதனை ஹிட்லருடன் சேம்பர்லின் கை குலுக்கியதற்கு ஒப்பிட்டுக் கண்டித்தார். மறுபக்கம், மண்டேலாவின் ஆன்மாவே இருவரையும் சேர்த்து வைத்தது என்று உருகியவர்களும் உண்டு. இரண்டும் மிகை. அந்த ஆண்டின் நடுவிலேயே இரு அரசுகளின் தூதர்களும் கனடாவில் இரகசியமாகப் பேசத் தொடங்கிவிட்டனர் என்பது பின்னர்தான் வெளியாயிற்று. 2015-இல் தூதரகங்கள் மீண்டும் திறக்கப்பட்டன. இழவு வீட்டில் எதிரே வந்தவருக்கு முகம் கொடுப்பது சாதாரண மரியாதை. அதற்கு மேல் அதில் ஏற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

தன்படத்தின் கதைதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. டென்மார்க் நாட்டின் பிரதமர் ஹெல்லே தோர்னிங்-ஷ்மிட் கைப்பேசியை உயர்த்திப் பிடிக்க, ஒரு பக்கம் ஒபாமாவும் மறுபக்கம் பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரனும் சிரித்தபடி தலை சாய்க்கிறார்கள். சற்றுத் தள்ளி ஒபாமாவின் மனைவி மிஷெல் இறுகிய முகத்துடன் வேறு பக்கம் பார்த்திருக்கிறார். இந்த ஒரு படம் ஒரே நாளில் உலகைச் சுற்றிவந்தது. துக்க வீட்டில் விளையாட்டா என்றனர் பலர். கணவன்மீது மனைவிக்குக் கோபம் என்று கதை கட்டினர் இன்னும் பலர்.

படம் எடுத்தவர் ராபர்ட்டோ ஷ்மிட் என்னும் பிரெஞ்சுச் செய்தி நிறுவனத்துப் புகைப்படக்காரர். அவரே பின்னர் விளக்கம் எழுதினார். நிகழ்ச்சி தொடங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. சுற்றிலும் ஆயிரக்கணக்கான மக்கள் பாடியும் ஆடியும் சிரித்தும் மண்டேலாவின் வாழ்வைக் கொண்டாடிக்கொண்டிருந்தனர். அங்கே துயரக் கூட்டத்தின் இறுக்கம் இருக்கவில்லை. மிஷெலின் கடுகடுப்பு தற்செயலாக அகப்பட்ட தோற்றம். சில கணங்களுக்கு முன்வரை அவரும் அருகிருந்தோருடன் வேடிக்கையாகப் பேசிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். இத்தகைய நாளில் தம் படங்களுள் இது ஒன்றே இவ்வளவு கவனம் பெற்றதற்காக அவர் வருந்தவும் செய்தார்.

இதைப் படித்தபோது எனக்கு என் பிழை ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் பள்ளியின் கணித ஆசிரியர் மறைந்தபோது காலை வணக்கக் கூட்டத்தில் இரண்டு நிமிட மௌனம் அனுசரித்தோம். மூன்றாம் வரிசையில் ஒரு பையன் சிரித்தான். எல்லார் எதிரிலும் அவனை வெளியே நிறுத்தினேன். மாலையில் அவன் வந்து சொன்னான்: அந்த ஆசிரியர் மௌனமாக நிற்கச் சொல்லும்போதெல்லாம் தாமே ஒரு தும்மல் போட்டுவிடுவாராம். அது நினைவுக்கு வந்துவிட்டதாம். அன்று அந்தக் கூடத்தில் அவரை உள்ளபடி நினைத்தவன் அவன் ஒருவனே என்று தோன்றியது.

இனி, இவ்வளவு ஆரவாரத்தில் அமுங்கிப்போன இரங்கலுரைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒபாமாவின் உரை சொல்லாற்றல் மிக்கது. மண்டேலாவைப் பளிங்குச் சிலையாக்க வேண்டாம், குறைகளும் உடைய மனிதராக நினையுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். மண்டேலாவின் போராட்டத்தைப் புகழ்ந்துகொண்டே தம் மக்களின் மாற்றுக் குரலைப் பொறுக்காத தலைவர்கள் பலர் உள்ளனர் என்றும் கூறினார். அப்படிப்பட்டவர்கள் சிலர் அவருக்கு எதிரிலேயே அமர்ந்திருந்தனர். இறந்தவரைப் போற்றும் சாக்கில் இருப்பவரைக் குத்தலாமா என்ற கேள்வி இங்கும் எழுந்தது. கூச்சலிட்டவர்களைக் கண்டித்த பலர் இவ்வுரையைப் பாராட்டினர் என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். கூட்ட முடிவில் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு எழுந்து, குண்டூசி விழுந்தாலும் கேட்கும் அமைதி வந்தால்தான் ஆசி கூறுவேன் என்று பள்ளி ஆசிரியரைப்போல் அதட்டினார். எஞ்சியிருந்த கூட்டம் அடங்கியது.

ஆனால் அந்தப் பத்து நாள்களில் பேசப்பட்டவற்றுள் என் நெஞ்சில் நிற்பது அகமது கத்ராடாவின் உரையே. குஜராத்திலிருந்து சென்ற குடும்பத்தில் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர் அவர். 1964-இல் மண்டேலாவுடன் ஆயுள் தண்டனை பெற்று, ராபன் தீவில் உடன் சிறையிருந்தவர். 15-ஆம் தேதி, மண்டேலா சிறுவனாய் வளர்ந்த கூனு கிராமத்தில், அடக்கத்துக்கு முன் எண்பத்துநான்கு வயதான அக்கிழவர் தழுதழுத்த குரலில் பேசினார். குத்துச்சண்டை பழகிய உயர்ந்த உடல், சுண்ணாம்புக்கல் குழியில் அனாயாசமாக மண்வெட்டி பிடித்த கைகள், பின்பு மருத்துவமனையில் தாம் கண்ட நிழல்போன்ற உருவம் ஆகியவற்றை வரிசையாகச் சொன்னார். வால்ட்டர் ஸிஸுலு போனபோது தந்தையை இழந்தேன், இப்போது தமையனையும் இழந்தேன், இனி யாரிடம் போவேன் என்று கேட்டார். அவ்வுரையில் எவருக்கும் குத்தல் இல்லை. உலக அரசியல் இல்லை. அவர் பேசி முடித்தபோது கேட்டவர்கள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டனர்.

அதே கத்ராடா 2017-ஆம் ஆண்டு மார்ச் மாதம் மறைந்தார். அதற்கு ஓராண்டுக்கு முன்பே, பதவி விலகுமாறு ஜூமாவுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியிருந்தார். குடும்பத்தாரின் விருப்பத்துக்கு இணங்கி ஜூமா அடக்கத்துக்கு வரவில்லை. முன்னாள் குடியரசுத் தலைவர் கலேமா மொட்லாந்தே தம் இரங்கலுரையின் நடுவே அந்தக் கடிதத்தை எடுத்து வாசித்தார். கூடியிருந்தோர் எழுந்து நின்று கைதட்டினர். மழையில் கூச்சலாக வெளிப்பட்டது, மூன்று ஆண்டுகளுக்குச் சற்று அதிகமாகக் கழிந்தபின் இறந்தவரின் வாக்காகவே மேடையேறிற்று. 2018 பிப்ரவரியில் ஜூமா பதவி விலகினார்.

மீண்டும் மைதானத்துக்கே செல்வோம். அங்கு ஒபாமாவின் பக்கத்திலும், பேசிய மற்றவர்களின் பக்கத்திலும், காது கேளாதோருக்காகச் சைகை மொழியில் உரைகளைப் பெயர்த்துக் கூறும் பொருட்டு ஒருவர் நின்றார். அவர் கைகள் ஓயாது அசைந்தன. மைதானத்திலிருந்த தலைவர்களோ, தொலைக்காட்சியில் கண்ட கோடிக்கணக்கானவர்களோ ஐயுறவில்லை. காது கேளாதோர் மட்டும் கண்டுகொண்டனர். அந்த அசைவுகளில் ஒரு சொல்லும் இல்லை.

சைகை மொழி என்பது வாய்ச்சொல்லுக்குப் பதிலாகக் காற்றில் வரையும் ஊமைக்கூத்து அன்று. அதற்குத் தனி இலக்கணம் உண்டு. கேள்வியையும் மறுப்பையும் புருவமும் வாயும் முகமும் சேர்ந்தே உணர்த்தும். நாட்டுக்கு நாடு அது வேறுபடும். அம்மனிதரின் முகம் அசையாதிருந்தது. யார் எதைப் பேசினாலும் ஒரே வகைக் கையசைவுகள் திரும்பத் திரும்ப வந்தன. தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்த, காது கேளாத வில்மா நியூஹௌட்-ட்ருகென் என்னும் அம்மையார் நிகழ்ச்சி நடக்கும்போதே இணையத்தில் கண்டனம் எழுதினார். இதற்கு முன்பும் ஆளுங்கட்சி நிகழ்ச்சி ஒன்றில் அவரே நின்றதாகவும், அப்போதே முறையிட்டும் பயனில்லை என்றும் காது கேளாதோர் சங்கத்தார் தெரிவித்தனர். அம்மனிதரோ, தாம் மனநோயால் துன்புறுவதாகவும், மேடையில் இல்லாத உருவங்கள் தோன்றியதாகவும் பின்னர் கூறினார். உலகம் அவரை வைத்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. குற்றம் பெரும்பாலும் அவரை விசாரியாமல் அமர்த்தியவர்களுடையது.

தன்படம் எடுத்ததால் அன்று எவரும் எதையும் இழந்துவிடவில்லை. தங்கள் தலைவருக்கு விடை கூறும் சொற்கள் அனைத்தையும் இழந்தவர்கள் காது கேளாத தென்னாப்பிரிக்கர்கள். அவர்கள் சுட்டிக்காட்டியிராவிட்டால் அந்த இழப்பை நம்மில் எவரும் அறிந்திருக்கவே மாட்டோம்.

தங்கள் மொழிக்கு உரிய இடம் வேண்டுமென்று அவர்கள் அதற்கு முன்பிருந்தே கேட்டு வந்தனர், பின்னும் கேட்டனர். 2023-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள் தென்னாப்பிரிக்கச் சைகை மொழி அந்நாட்டின் பன்னிரண்டாவது ஆட்சி மொழியாயிற்று. அதற்கான சட்டத் திருத்தத்தில் கையொப்பமிட்ட குடியரசுத் தலைவர், பத்தாண்டுகளுக்கு முன் அந்த மழையில் மேடையில் நின்று கூட்டத்தை நடத்திய சிரில் ராமபோசா.