தோலைப் போல வெயிலை அளக்கும் கருவி

கொடைக்கானலுக்குச் சுற்றுலா போய் வந்தவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? நாளெல்லாம் குளிர்காற்றில்தான் திரிந்திருப்பார்கள். ஆனால் வீடு திரும்பும்போது மூக்கும் கன்னமும் கறுத்திருக்கும். சிலருக்குத் தோல்கூட உரியும். வெயில் சுடவே இல்லையே, பிறகு எப்படி?

தோலைக் கன்றச் செய்வது வெயிலின் சூடு அல்ல, அதில் வரும் புற ஊதாக் கதிர். அதைக் கண் பார்க்காது, தோலும் அப்போதைக்கு உணராது. எரிச்சல் தொடங்குவதே சில மணி நேரம் கழித்துத்தான். மலை ஏற ஏற, ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் இந்தக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். கொடைக்கானலோ 2,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. மெல்லிய மேகமும் இதைப் பெரிதாகத் தடுக்காது.

நம் உடம்பால் உணர முடியாததை உணர்ந்து சொல்ல ஒரு குட்டிக் கருவி செய்வோமா?

முதலில் ஒளியை மின்சாரமாக்கும் டையோடு வேண்டும். சாதாரண சிலிக்கன் டையோடு எல்லா ஒளியையும் வாங்கிக்கொள்ளும். வெயிலில் புற ஊதா சிறு பங்குதான் என்பதால் அது மற்ற ஒளியில் மூழ்கிப்போகும். காலியம் நைட்ரைடில் செய்த டையோடு நல்லது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது கண்டுகொள்ளாது.

மேலே ஒரு மூடி வேண்டும். கண்ணாடி போடலாமா? கூடாது! தோலை அதிகம் கன்ற வைக்கும் புற ஊதா-பி கதிரை ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடும். மெல்லிய டெஃப்லான் தகடு அந்தக் கதிரை உள்ளே விடும். சாய்வாக வரும் கதிர்களையும் சிதறடித்து டையோடிடம் சேர்க்கும்.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். புற ஊதாக் கதிர்கள் எல்லாமே ஒரே அளவு தீங்கு செய்வதில்லை. 298 நானோமீட்டர் அலைநீளக் கதிர், 340 நானோமீட்டர் கதிரைவிட ஏறத்தாழ 1,000 மடங்கு அதிகமாகத் தோலைச் சிவக்கவைக்கும். ஆகவே எவ்வளவு கதிர் விழுகிறது என்று மட்டும் கருவி எண்ணினால் போதாது. ஒவ்வொன்றும் தோலுக்கு என்ன செய்யும் என்று எடைபோட்டுக் கூட்ட வேண்டும். அப்படிக் கூட்டிச் சொல்வதுதான் புற ஊதாக் குறியீடு. 1992இல் கனடா இதை அறிமுகப்படுத்தியது. குறியீடு 3ஐ எட்டினாலே தொப்பி, குடை, முழுக்கைச் சட்டை தேவை. நம்மூர்க் கோடை நண்பகலில் அது 11ஐக்கூடத் தாண்டும்.

குறியீடு இந்த நொடியின் கணக்கு. தோலோ நாள் முழுவதும் வாங்கியதைச் சேர்த்து வைக்கிறது. இதற்கு அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜான் ரோஜர்ஸ் குழுவினர் அழகான வழி கண்டார்கள். 2018இல் வெளிவந்த அவர்களின் கருவி, விரல் நகத்தில் ஒட்டும் அளவே இருக்கும். பேட்டரி கிடையாது. விழும் கதிரே மின்னூட்டமாகி, உண்டியலில் காசு சேர்வதுபோல மின்தேக்கியில் சேரும். செல்போனை அருகே கொண்டுபோனால், சேர்ந்த அளவைப் படித்துச் சொல்லிவிடும்.

அந்த எண்ணை அறிவுரையாக மாற்ற, போட்டிருப்பவரின் தோலும் கருவிக்குத் தெரிய வேண்டும். மெலனின் நிறமி குறைந்த வெளிர்தோல் சீக்கிரம் கன்றும், கருந்தோல் தாக்குப்பிடிக்கும். ஆனால் தோலில் உள்ள மெலனின் கண்ணைக் காப்பாற்றாது. புற ஊதா கண்புரைக்கும் ஒரு காரணம். ஆகவே கருந்தோல்காரருக்கும் கருவி எச்சரிக்கை தரத்தான் வேண்டும்.

இன்னொரு சிக்கல், அதை எங்கே மாட்டுவது என்பது. நகத்தில் ஒட்டினால், கையைப் பாக்கெட்டில் விட்டதும் கருவி இருட்டைத்தான் அளக்கும். மூக்கில் வெயில் விழுந்துகொண்டே இருக்கும். தொப்பியின் உச்சியில் வைத்தால், நிழலில் இருக்கும் முகத்தைவிட அதிகமாகக் காட்டும். நீங்கள் எங்கே வைப்பீர்கள்?