அமெரிக்கா போகும் அம்மா, அப்பா... கைப்பையில் இருக்க வேண்டிய 6 பொருள்கள்!

மகளின் பிரசவத்துக்கு, மகனின் புதுமனை புகுவிழாவுக்கு, பேரனின் முதல் பிறந்தநாளுக்கு என அமெரிக்காவுக்கு விமானம் ஏறும் பெற்றோர் நம் ஊரில் அதிகம். சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. துபாய், தோஹா, ஃபிராங்க்ஃபர்ட் என எங்காவது இறங்கி மாற வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்பி அந்த வீடு போய்ச் சேர, ஒரு முழு நாள்கூட ஆகிவிடும்.

போர்டிங் பாஸ், மகளின் நம்பர், போக வேண்டிய முகவரி... எல்லாமே இன்று போனுக்குள்தான். நடுவழியில் அது ஆஃப் ஆனால், தனியாக வரும் பெரியவர்கள் தவித்துப்போவார்கள். அவர்களுக்குத் தேவை, போனையும் உடம்பையும் காப்பாற்றும் சில பொருள்கள் மட்டுமே.

1. பவர் பேங்க்

இதைச் செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். பொதுவான வரம்பு 100 வாட் ஹவர். 20,000 எம்.ஏ.ஹெச் பவர் பேங்க் சுமார் 74 வாட் ஹவர்தான் என்பதால் பயம் வேண்டாம். ஆனால், மேலே உள்ள எழுத்து அழிந்திருந்தால் சோதனையில் பிடுங்கி வைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

2025 ஜனவரியில் தென்கொரியாவில், புறப்படக் காத்திருந்த ஏர் பூசன் விமானம் தீப்பிடித்தது. பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. அந்த ஆண்டிலேயே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், எமிரேட்ஸ் போன்ற நிறுவனங்கள் விமானத்துக்குள் பவர் பேங்க் பயன்படுத்தத் தடை விதித்தன. எனவே, இடையில் இறங்கும் ஏர்போர்ட்டிலேயே சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள். கேபிளும் கையில் இருக்கட்டும்.

2. யுனிவர்சல் அடாப்டர்

அமெரிக்காவில் தட்டையான பின், ஜெர்மனியில் இரண்டு உருண்டை பின், துபாயில் மூன்று பட்டை பின். எல்லாவற்றுக்கும் இந்த ஒரு அடாப்டர் போதும்.

ஆனால், இது பின்னை மட்டுமே மாற்றும், வோல்டேஜை மாற்றாது. நம் வீட்டில் 230 வோல்ட், அங்கே 120 வோல்ட். சார்ஜரில் '100-240' என அச்சிட்டிருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். நம் ஊர் மிக்ஸியை ஆசையாகச் சுமந்துபோனால் அங்கே சரியாக ஓடாது. 110 வோல்ட் மிக்ஸி என்றே கேட்டு வாங்குங்கள்.

3. டிஜிட்டல் லக்கேஜ் தராசு

கொக்கியில் பெட்டியை மாட்டித் தூக்கினால் எடை தெரியும். பல டிக்கெட்களில் ஒரு பெட்டிக்கு 23 கிலோதான். ஏர்போர்ட் வரிசையில் பெட்டியைத் திறந்து ஊறுகாய் பாட்டிலை வெளியே எடுக்கும் சங்கடம் மிச்சம்.

4. டிராக்கர்

பெட்டிக்குள் போட்டுவிட்டால், அது எங்கே இருக்கிறது என்று போனில் பார்க்கலாம். ஏர்டேக் ஐபோனுக்கு மட்டும். ஆண்ட்ராய்டுக்குத் தனி டிராக்கர்கள் உள்ளன. உங்கள் போனுக்குப் பொருந்துவதா எனக் கேட்டு வாங்குங்கள்.

5. சுகர், பி.பி. மெஷின்

ஒரு சுகர் மெஷினின் ஸ்ட்ரிப் இன்னொரு மாடலுக்குப் பொருந்தாது. தங்கும் நாள்களைக் கணக்கிட்டு, இங்கேயே வாங்கிவிடுங்கள். இன்சுலினை குளிர் தாங்கும் பையில் வைத்து, டாக்டர் சீட்டுடன் கையிலேயே எடுத்துச் செல்லுங்கள். செக்-இன் பெட்டியில் போட்டால், குளிரில் அது உறைந்து வீணாகலாம். காது கேட்கும் மெஷினுக்கு மாற்று பேட்டரியும் அவசியம்.

6. ரோமிங் போட்ட சிம்

கிளம்பும் முன்பே இந்திய நம்பரில் ரோமிங் ஆன் செய்யுங்கள். இல்லையென்றால், அங்கிருந்து பென்ஷன் கணக்கைப் பார்க்கக்கூட ஓ.டி.பி வராது. போன் இ-சிம் வசதி கொண்டதாக இருந்தால், இந்திய சிம்மைக் கழற்றாமலே அமெரிக்க நம்பரும் போட்டுக்கொள்ளலாம்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இவற்றை ஆன்லைனில் ஆர்டர் போட்டு அனுப்புவதோடு வேலை முடியவில்லை. ஒரு வாரம் முன்பே வீடியோ காலில் வந்து, அடாப்டரை மாட்டவும், ஏர்போர்ட் வைஃபையில் இணையவும் அம்மா, அப்பாவையே செய்யச் சொல்லிப் பாருங்கள். பிள்ளையின் பெயர், போன் நம்பர், முகவரி, விமான எண்கள் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட்டுக்குள் வைக்கச் சொல்லுங்கள். போன் ஆஃப் ஆனாலும், அந்தத் தாளைக் காட்டினால் யாராவது உதவி செய்வார்கள்.