காரில் காற்று மெலிந்தால்...

புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் வழியில், பரந்தன் சந்தியை அடைவதற்குள் ஏ.சி. காற்று மெலிந்து, புழுதி நெடி வீசி, தொய்வுள்ள பிள்ளை இருமத் தொடங்குகிறதா? கேஸ் முடிந்துவிட்டதென்று உடனே கராஜில் பணத்தைக் கொட்டாதீர்கள். நானும் ஒருமுறை அப்படிக் கொட்டியவன்தான்!

காற்றின் வேகம் குறைந்தால் முதலில் வடிகட்டியைப் பாருங்கள். பல கார்களில் அது இடப்பக்க இருக்கைக்கு முன்னுள்ள பெட்டியின் பின்னால் இருக்கும். எஞ்சினை நிறுத்தி, பெட்டியைக் கழற்றி, வடிகட்டியை உருவுங்கள். சருகுகூட அடைத்திருக்கும். காகித வடிகட்டியைக் கழுவக் கூடாது. கறுத்திருந்தால் புதிது போடுங்கள். அம்புக்குறி முன்பிருந்த திசையிலேயே இருக்கட்டும்.

காற்று பலமாக வந்தும் குளிர் இல்லையா? அது கேஸ் கோளாறாக இருக்கலாம். குழாயில் மட்டும் கை வைக்காதீர்கள். பீறிடும் அந்த வாயு தோலையும் கண்ணையும் உறையவைத்துவிடும். அதற்குத்தான் கராஜ்.