ஆறு மணி பேட்ச் நண்பர்கள்

சித்தூர், திருப்பதி பக்கம் குமாஸ்தா வேலை பார்த்த தமிழர்கள் பலருக்கு வியாபாரக் கல்லூரி என்பது டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்தான். லோயருக்கு நிமிஷத்திற்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. அந்தச் சர்டிபிகேட்டை நம்பித்தான் குடும்பமே இருந்தது.

1954-ல் தொடங்கிய வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுக்குப் பழைய மாணவர் தொடர்பு உண்டு. இன்ஸ்டிட்யூட்காரர்களுக்கு அந்த வசதி ஏது? கம்ப்யூட்டர் வந்ததும் பல இன்ஸ்டிட்யூட்டுகள் மூடிக்கொண்டன. வருகைப் பதிவேடு எந்தப் பரணில் கிடக்கிறதோ!

போதாததற்கு எல்லைகளும் மாறிக்கொண்டே வந்தன. சென்னை ராஜ்யத்திலிருந்த சித்தூர் ஜில்லா 1953-ல் ஆந்திராவோடு சேர்ந்தது. 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதியும் தனி ஜில்லாவாகிவிட்டது.

ஆனாலும் திருமலைக்கு வராத தமிழர் உண்டா? தரிசனத்துக்கு வந்த இடத்திலோ, கல்யாணப் பந்தியிலோ பழைய முகம் தட்டுப்படும். பெயர் நினைவுக்கு வராது. "ஆறு மணி பேட்ச், ஜன்னலோர மெஷின் நீங்கள்தானே?" என்றால் போதும், முப்பது நாற்பது வருஷம் ஓடி மறையும்.

தேடிப் பிடித்தாலும் சிலர் வருவதில்லை. பக்கத்து மெஷின்காரர் பாங்க் மானேஜராக ரிடையர் ஆகியிருப்பார்; இவரோ மண்டிக் கடையில் பில் எழுதியே காலம் தள்ளியவர். அந்தக் கூச்சம் வீண். ஹையரில் ஒரு தடவை கோட் அடித்ததை மானேஜரும் மறந்திருக்கமாட்டார்!

கூடுவதானால் புரட்டாசி மட்டும் வேண்டாம். பிரம்மோற்சவக் கூட்டத்தில் திருப்பதியில் ரூம் கிடைப்பது கஷ்டம்.